பதினேழாவது வாய்தா

முதல் வாய்தாவின்போது என் மகளுக்கு ஏழு வயது. அன்று நீதிபதி லீவு. அடுத்த வாய்தாவில் எதிர்த்தரப்பு வக்கீலுக்குக் காய்ச்சல். அதற்கப்புறம் இன்ஸ்பெக்டருக்கு எங்கேயோ பந்தோபஸ்து. ஒரு தடவை கேஸ் கட்டே வந்து சேரவில்லை. கட்டுக்குக் கால் முளைத்தால்தானே வரும்! கேட்டால் கிளார்க் எரிந்து விழுவார். பிறகு நீதிபதி மாற்றலாகிப் போனார். ஏழு மாதம் காலி நாற்காலியைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம்.

என் கணவரைப் பக்கத்து ஒர்க்‌ஷாப்காரன் இரும்புக் கம்பியால் அடித்துக் கொன்றதைப் பார்த்த ஒரே ஆள் இந்தக் குட்டிதான். அப்போது ஆறு வயது. அப்பா வருகிறாரா என்று ஜன்னலில் நின்றுகொண்டிருந்தாள். அவன் கடை வாசலில் இவர் வண்டியை நிறுத்திவிட்டாராம். அந்த அற்பத்துக்கு ஓர் உயிர். ஜாமீனில் வந்த பாவி கடையை இன்னும் பெரிதாக்கிவிட்டான்.

"பாப்பா சாட்சியிலதான் கேஸே நிக்குது. மறந்துடாம பாத்துக்கங்க" என்றார் அரசு வக்கீல்.

அவளோ மறக்கத்தான் பார்த்தாள். எட்டு வயதில், கம்பி எந்தக் கையில் இருந்தது என்று நான் கேட்டபோது திருதிருவென்று விழித்தாள். அன்றிலிருந்து ஒவ்வொரு வாய்தாவுக்கும் முந்தின நாள், பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் உட்கார வைத்துக் கேட்பேன். அப்பா எங்கே நின்றார்? அவன் என்ன சட்டை? எத்தனை அடி? முதல் நாள் போலீசிடம் அவளே சொன்னதை, ஒரு சொல் கூட்டாமல் சொல்ல வைப்பேன். சொல்லி முடித்தால் அன்றைக்குச் சாப்பிட மாட்டாள். நான் விட்டேனா? வாய்தா தள்ளிப்போகும், மறுபடியும் கேட்பேன்.

பதினேழாவது வாய்தாவில்தான் கூண்டில் ஏற்றினார்கள். பதினொரு வயது. மடமடவென்று சொன்னாள். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

எதிர்த்தரப்பு வக்கீல் கொஞ்சலாகத்தான் கேட்டார். "இவ்வளவு தெளிவா சொல்றியேம்மா, எப்படி ஞாபகம் வச்சிருக்கே?"

"அம்மா சொல்ல வைப்பாங்க. ஒவ்வொரு வாய்தாவுக்கும் முன்னாடி."

"தப்பா சொன்னா?"

"திருத்துவாங்க."

"அன்னிக்கு அம்மா அங்க இருந்தாங்களா?"

"இல்ல. மில்லுல இருந்தாங்க."

அவ்வளவுதான். அவர் உட்கார்ந்துவிட்டார். அரசு வக்கீல் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் திருத்தியதெல்லாம் அவள் கண்ணால் கண்டதுதான் என்று யாரிடம் போய்க் கதறுவேன்?

தீர்ப்பு மட்டும் சொன்ன தேதியில் வந்தது. விடுதலை.

படியிறங்கும்போது குட்டி என் கையைப் பிடித்தாள். "நான் எதாச்சும் விட்டுட்டேனாம்மா?"

"இல்லடி கண்ணு. எல்லாம் சரியாத்தான் சொன்னே."

"இனிமே கேக்க மாட்டாங்கல்ல? மறந்துடலாமா?"

"மறந்துடுடி" என்றேன்.

பஸ் ஸ்டாப் வரை கண்ணை இறுக மூடிக்கொண்டு என் கையைப் பிடித்தே நடந்தாள். அங்கே நின்று, தப்பு செய்தவளைப் போல என்னை ஏறிட்டுப் பார்த்தாள்.

"முடியலம்மா."