வலமாகச் சுற்றிய மிஷின்

சின்னச்சாமியின் பஸ்ஸில் பரவைச் சந்தைக்குப் போய்வரும் பெண்கள் எல்லாரிடமும் ஒரே புகார்தான். பெஞ்சு ஓரம் சேலையைப் பிடித்து இழுக்கிறது. தங்கப்பொண்ணின் சுங்குடிச் சேலையை அது முழங்கால் நீளத்துக்குக் கிழித்த அன்று, அவள் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி முதலாளியை நடுரோட்டிலேயே ஒரு பிடி பிடித்தாள்.

"எம்புருசன் காளவாசல்ல பட்டறை வச்சிருக்காரு. அவரு இழைச்ச பெஞ்சுல பட்டு நூலைப் போட்டு இழுத்தாலும் அறாது, தெரியும்ல?"

சின்னச்சாமி ரோசக்காரர். மறுநாளே பட்டறைக்கு வந்து புது பஸ்ஸின் பெஞ்சு வேலையை அவள் புருசன் மருதுவிடம் ஒப்படைத்துவிட்டார். "வெள்ளிக்கிழமை வாரேன். அந்த ஆத்தாவே சேலையோட உக்காந்து காட்டட்டும். நூல் மாட்டலைன்னா மிச்ச பஸ்ஸுக்கும் நீதான். மாட்டுச்சு, இந்தப் பக்கமே வர மாட்டேன்."

மருதுவுக்கு ஒரு பக்கம் சந்தோஷம், ஒரு பக்கம் பயம். பெண்டாட்டியின் வாய்க்கு ஏற்ற மாதிரி வேலை செய்வது லேசுப்பட்ட காரியமா? இத்தனை பெஞ்சு ஓரத்தையும் கையால் தேய்த்து முடிக்க ஆகாது. நல்லவேளை, மூடிப்போன ஒரு தொழிற்சாலையிலிருந்து வாங்கிய தேய்ப்பு மிஷின் ஒன்று மூலையில் கிடந்தது. நாலு கால்மேல் நட்டுக்குத்தாக இரண்டு உருளைகள், அவற்றைச் சுற்றி ஓடும் உப்புத்தாள் பெல்ட்டு. பலகையின் ஓரத்தை அதில் அணைத்துப் பிடித்தால் தேய்த்துவிடும். பெல்ட்டுதான் இல்லை.

கிழிந்த சுங்குடியில் ஒரு துண்டையும் பெஞ்சுக்கு அறுத்த வாகைப் பலகையில் ஒரு சில்லையும் மடியில் கட்டிக்கொண்டு டவுனுக்குக் கிளம்பினான். கடைக்காரர் முரடு, நடுத்தரம், நைசு என்று மூன்று தினுசை எடுத்துப்போட்டார். "முரட்டுல எடுங்க. சுருக்கா வேலை முடியும், ரொம்ப நாளும் உழைக்கும்" என்றார்.

மருது ஒவ்வொன்றிலும் சில்லின் ஓரத்தைத் தேய்த்து, அதன்மேல் சுங்குடித் துண்டை இழுத்துப் பார்த்தான். முரட்டில் துணி நகரவே இல்லை. நடுத்தரத்தில் ஒரே ஒரு நூல் மாட்டியது. நைசில் வழுக்கிக்கொண்டு போனது. கடைக்காரருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "மரத்துக்கு வாங்க வந்தீகளா, சேலைக்கு வாங்க வந்தீகளா?"

"சேலைக்குத்தாண்ணே" என்றான் மருது. சண்டைக்காலம். கப்பல் வந்தால்தான் சரக்கு. நைசில் மீதமிருந்தவை இரண்டே பெல்ட்டுகள். இரண்டையும் வாங்கிவந்தான்.

மிஷினுக்குச் சந்தனம், குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி ஓட்டிப் பார்த்தவன் திடுக்கிட்டு நிறுத்தினான். பெல்ட்டு இடமாகச் சுற்றியது. சாவு வீட்டில் சுற்றுகிற சுற்று! முதல் வேலையே அப்படித் தொடங்கினால் விளங்குமா? மோட்டாரின் தோல் வாரைக் குறுக்கே மாற்றிப் போட்டான். பெல்ட்டு கோயிலைச் சுற்றுவதுபோல் அழகாக வலம் வந்தது. அவன் மனசும் குளிர்ந்தது.

பலகையை வைத்ததுதான் தாமதம், அது கையைப் பறித்துக்கொண்டு எகிறியது. முனை குத்தி, நைசு பெல்ட்டு டர்ரென்று கிழிந்து தொங்கியது. மிஷின் செய்தவன் பலகையைத் தாங்குகிற தடுப்பை ஒரு பக்கத்தில்தான் இரும்போடு இரும்பாக வார்த்திருந்தான். பெல்ட்டு இடமாக ஓடினால் பலகை தடுப்பில் போய் நிற்கும். வலமாக ஓடினால் பிடித்து நிறுத்த ஆளில்லை.

மருது தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். இருப்பது ஒரே பெல்ட்டு. அதுவும் போனால் பஸ் வேலை போச்சு. இடமாக ஓட்டவோ மனசு துணியவில்லை. கஞ்சிக் கலயத்தோடு வந்த தங்கப்பொண்ணு எல்லாவற்றையும் கேட்டாள். சிரிப்பாள் என்று பயந்தான். அவள் சிரிக்கவில்லை. அவளுக்கும் அது பயம்தான்.

"வாரைப் பழையபடி போட்டுச் சும்மா ஓட்டுங்க" என்றவள், சேலையைச் செருகிக்கொண்டு மிஷினுக்கு அடியில் குனிந்து அண்ணாந்து பார்த்தாள். பிறகு, "இங்கிட்டு வந்து பாருங்க!" என்று கூப்பிட்டாள்.

மருதுவும் குனிந்து பார்த்தான். மேலே இடமாகச் சுற்றிய பெல்ட்டு, கீழேயிருந்து பார்க்க வலமாகச் சுற்றியது.

"பூமாதேவி கீழதான இருக்கா? அவளுக்கு வலமாத்தான் சுத்துது. அது போதாதா நமக்கு?" என்றாள்.

போதும்போலத்தான் இருந்தது. துணிந்து பலகையை வைத்தான். இரண்டாவது பெல்ட்டு எல்லா ஓரத்தையும் வெண்ணெய்போல ஆக்கிக் கொடுத்தது.

வெள்ளிக்கிழமை சின்னச்சாமி வந்தார். தங்கப்பொண்ணு வேண்டுமென்றே அந்தக் கிழிந்த சுங்குடியைத் தைத்துக் கட்டியிருந்தாள். பெஞ்சின் இந்தக் கோடியில் உட்கார்ந்து அந்தக் கோடிவரை நகர்ந்தாள். தையல் விழுந்த இடத்தையே ஓரத்தில் வைத்து இழுத்தும் காட்டினாள். ஒரு நூல்கூட மாட்டவில்லை. சின்னச்சாமி தம் துண்டைப் போட்டு இழுத்துப் பார்த்தார். அதுவும் வழுக்கியது. மருதுவுக்கு அழுகையே வந்துவிட்டது.

"நல்லாத்தான் இருக்கு. எங்க, அந்த மிஷினை ஓட்டு பாப்போம்" என்றார் சின்னச்சாமி. ஓடியதும் அவர் முகம் மாறிப்போனது. "ஏலே, என்ன இது இடமாச் சுத்துது? இதுலயா எம்பெஞ்சைத் தேய்ச்சே? இதை வச்சு நான் எப்படிறா ரோட்டுல வண்டி விடுவேன்?"

தங்கப்பொண்ணுதான் முன்னால் வந்தாள். "அண்ணே, கோவிக்காம கொஞ்சம் குனிஞ்சு அடியில பாருங்க."

பெரிய உடம்பு. வேட்டியை மடித்துக் கட்டி, முக்கி முனகி, முழங்காலிட்டு அடியில் தலையைவிட்டார். வெகுநேரம் வெளியே வரவில்லை. வந்தபோது தலையெல்லாம் மரத்தூள்.

"வலந்தான்" என்றார். "மத்த பஸ்ஸு பெஞ்சையும் இதுலயே தேய்ச்சிரு."