ஆதம்பாவாவின் கால்

ஆதம்பாவாவின் காலை வெட்டவேண்டி வரலாம் என்று டொக்டர் சொன்னதும் தாதி பரீனாவுக்கு நெஞ்சு திக்கென்றது. பாசமா? மண்ணாங்கட்டி! வாப்பாவின் தம்பி, சொந்தச் சாச்சாதான். ஆனால் சண்டை முடிந்து, புத்தளத்து அகதி முகாமிலிருந்து சொந்த ஊரான கொண்டச்சிக்கு முதலில் திரும்பி, "காக்காட ஆக்கள் இனிப் புத்தளத்தால வரமாட்டினம்" என்று ஊரை நம்பவைத்து, அவளுடைய வாப்பாவின் காணியைக் கிணற்றோடு வளைத்து வேலி அடைத்த மனிதர். வாப்பா காணி காணி என்று புலம்பியே முகாமில் மௌத்தானார். அந்தக் காணியில் காடு வெட்டும்போது ஏறிய விடத்தல் முள்தான், சீனி வருத்தமான நீரிழிவோடு சேர்ந்து இவருடைய பாதத்தைக் குழியாக்கியிருந்தது.

கால் போனால் ஊர் இரங்கும். நொண்டியிடம் காணி கேட்கிறாளே என்று இவளைத்தான் தூற்றும். விடுவாளா பரீனா?

புண்ணுக்குள் நுரைப்பஞ்சை வைத்து, காற்றுப் புகாமல் ஒட்டி, குழாய் பூட்டி, உறிஞ்சும் மெசினைப் போட்டாள். அது கெட்ட நீரை இழுத்தது; வீக்கம் வடிந்தது. விடாத இழுவையில் சதை நுணுக்கமாக இழுபட, இழுபட்ட சதை இரத்தம் கேட்டது. பழைய நாளங்களிலிருந்து மயிரிலும் மெல்லிய புது நாளங்கள் கிளைவிட்டன. எங்காவது காற்றுக் கசிந்தால் முதலில் ஓடுகிறவள் இவள்தான். "சாச்சாவில என்ன உசிர்!" என்று மற்றத் தாதிகள் உருகினார்கள்.

ஒரு நாள் பஞ்சை மாற்றும்போது புண்ணில் பொட்டுப்பொட்டாக இரத்தம் துளிர்த்தது. மெசின் தன் உயிரையே உறிஞ்சிவிட்டதென்று நினைத்த ஆதம்பாவா, ஊராருக்குச் சொல்லியனுப்பினார். அப்படியில்லை என்று சொல்ல பரீனாவுக்கு ஒரு நொடி போதும். சொல்லவில்லை. கிடந்து நடுங்கட்டும்!

பின்னேரம் ஊரார் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். ஆதம்பாவா ஒவ்வொருவரிடமும் செய்த பிழைக்குப் பொருத்தம் கேட்டார். சாகிறவர் கேட்டால் மன்னிக்காமல் விடுகிற வழக்கம் இல்லை. எல்லாரும் "பொருந்தினம்" என்றார்கள்.

"பரீனா மகள், உன்ட வாப்பாட காணியைப் பொய் சொல்லி எடுத்தனான். பொருந்திக்கொள்ளு."

பள்ளிவாசல் தலைவர் றஊப் ஹாஜியார் கண்ணைத் துடைத்தார். "சொல்லு மகள். மௌத்தாகிற மனிசன்."

"ஆர் மௌத்தாகிறது?" பரீனா சிரித்தாள். "அது புதுசா முளைச்ச ரத்தக் குழாயில வாற ரத்தம், ஹாஜியார். புண் ஆறுது. கால் தப்பிட்டுது. சாச்சா சொன்னதை எல்லாரும் கேட்டீங்கள்தானே? பொருத்தம் பிறகு. முதல்ல தன்ட காலால நடந்து வந்து வேலியைப் பிடுங்கட்டும்."