பன்னிரண்டாவது டேக்

செஞ்சி பஸ் ஸ்டாண்டு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் தேவேந்திரனின் வலது கை, அறைவதற்கு ஓங்கிய நிலையில் இரண்டு வருடமாக அப்படியே நிற்கிறது. அவன் சட்டைக்கு வலது பக்கம் கை வைத்துத் தைப்பதில்லை. இடது கையால் ஜெராக்ஸ் எடுக்கிறான். புதிதாக வரும் பஸ் டிரைவர்கள் முதல் வாரம் அவனுக்காக வண்டியை நிறுத்துவார்கள், பிறகு பழகிவிடும்.

எல்லாவற்றுக்கும் காரணம் ஆதவன் எடுத்த குறும்படம். சிங்கவரத்தில் பத்து ஏக்கரில் நெல்லும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் போடுகிற வீட்டுப் பையன் அவன். எங்கும் கட் இல்லாமல் ஒன்பது நிமிடம், ஒரே ஷாட். பசிக்கு நெல் எடுத்த கூலியாளைப் பண்ணையார் அறைகிறார், பார்த்து நிற்கும் பெண் தட்டிக் கேட்கிறாள். சாதிக் கொடுமையை எதிர்க்கிற படமாம்! நடித்தவர்கள் கூடப் படித்த நண்பர்கள். தேவேந்திரன் பண்ணையார், கலைமதி அந்தப் பெண். காலனியிலிருந்து போய் எம்.எஸ்ஸி. முடித்து வந்த வீரமணிக்கு, யாரும் யோசிக்காமலே, கூலியாள் வேடம்.

ராஜகிரிக் கோட்டை அடிவாரத்துக் களஞ்சியத்துக்குள் எடுத்தார்கள். அறைவது ஏழாவது நிமிடத்தில். "டம்மியா அடிச்சா தெரிஞ்சிடும் மச்சான், நெஜமாவே அடி" என்றான் ஆதவன். தேவேந்திரன் அடித்தான். எட்டாவது நிமிடத்தில் கலைமதி வசனத்தை மறந்தாள். ஒரே ஷாட் என்பதால் மறுபடி முதலிலிருந்து. அடுத்த முறை குரங்கு குறுக்கே வந்தது. முதலிலிருந்து. டூரிஸ்ட் கும்பல் ஒன்று செல்பி எடுக்க நுழைந்தது. முதலிலிருந்து. இப்படிப் பதினோரு அறை. கூடப் படித்தவன் கன்னம் வீங்கிக்கொண்டிருக்க, ஆதவன் போனில் பார்த்து, வீக்கம் இயல்பாக வந்திருக்கிறது என்று சந்தோஷப்பட்டான். இதை எழுதும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

பன்னிரண்டாவது டேக்குக்கு முன் வீரமணி கேட்டான். "ஒரே ஒரு டேக்கு நான் பண்ணையாரா நிக்கிறேன்டா. தேவேந்திரன் அடி வாங்கட்டும்."

ஆதவன் சிரித்தான். "உனுக்கு அந்த மூஞ்சி செட் ஆவாது மச்சான். டென்ஷன் பண்ணாத, வெளிச்சம் போவுது."

வீரமணி தன் இடத்தில் போய் நின்றான். ஏழாவது நிமிடம் வந்தது. தேவேந்திரன் ஓங்கினான். கை இறங்கவில்லை. மூன்று பேர் பிடித்துத் தொங்கியும் இறங்கவில்லை.

விழுப்புரத்தில் எக்ஸ்ரே எடுத்தார்கள், எலும்பில் ஒரு குறையும் இல்லை. தேவேந்திரன் வீரமணி வீட்டு வாசலில் போய் அழுதான். கலைமதியும் மன்னிப்புக் கேட்டாள். வீரமணி இருவரையும் மன்னித்தான். அப்போதும் கை இறங்கவில்லை, உள்ளங்கை மட்டும் ஆதவன் இருந்த திசைக்குத் திரும்பியது. அன்றிலிருந்து அவன் எங்கே போனாலும் கை அந்தப் பக்கம் திரும்பும். ஆதவனின் அம்மா செல்லம்மாள் சாப்பாட்டு வேளையில் கடைக்கு வந்து கையைப் பார்த்துவிட்டு, "அனந்தபுரம் பக்கமா போயிருக்கான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போவாள். ஆதவனும் மன்னிப்புக் கேட்டால் கை இறங்கிவிடும் என்று ஊருக்கே தெரியும். கேட்கவில்லை. ஓங்கிய கையோடு நின்றுபோன அந்த டேக்கையே படமாக வெளியிட்டான், பரிசு வாங்கினான், மேடையேறிச் சமத்துவம் பேசினான், சென்னைக்குக் குடிபோனான். வெட்கம் கெட்டவன்.

போன பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பு, வடகிழக்கே பார்த்திருந்த கை மெல்லத் திண்டிவனம் ரோட்டுப் பக்கம் திரும்பியது. சேதி கேட்டு வீரமணி ஓடி வந்தான். ஆதவன் இறங்கி வந்து மன்னிப்புக் கேட்டுவிடுவான் என்று எல்லோரையும்விட அவன்தான் நம்பினான். திருவண்ணாமலை பஸ் வந்து நின்றது. ஆறு பேர் இறங்கினார்கள். ஜன்னலோரம் ஆதவன் குனிந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். பஸ் கிளம்பியது. கையும் அதோடு கிழக்கிலிருந்து மேற்கே திரும்பியது.

"அப்டியே போய்ட்டான்" என்றான் வீரமணி. "வா, டீ சாப்டலாம்."

தேவேந்திரன் இடது கையில் கிளாஸை வாங்கிக்கொண்டான். அந்த நேரம் திருவண்ணாமலைக்கு வழி கேட்டு ஒருவர் காரை நிறுத்தினார். டீக்கடைக்காரர் பாலை ஆற்றியபடியே, "அதோ, அந்தக் கை காட்டுது பாருங்க" என்றார். அவர் பார்த்துவிட்டு, நன்றி சொல்லி, காரை எடுத்துக்கொண்டு போனார்.