தாயில்லாப் பிள்ளைகளின் இடம்

மதராஸ் பள்ளிக்கூடத்தில் வேதாந்தத்தையும் மகள் ருக்மிணியையும் உட்காரச் சொல்லிவிட்டு உள்ளே போன அம்மாள் திரும்பி வரவில்லை. வெகு நேரம் கழித்து ஓர் ஆயா வந்து, "அப்பால தகவல் அனுப்புவாங்களாம். நீங்க போவலாம்" என்றாள்.

வேதாந்தத்துக்குப் புரிந்துவிட்டது. ருக்மிணியின் பரீட்சைத் தாளைப் பார்த்துவிட்டு, அவள் தோளில் கைபோட்டுச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவள்தான் அந்த அம்மாள். தாயார் எங்கே என்று கேட்டாள். தாம்பரம் சானடோரியத்தில் இருக்கிறாள் என்று இவர் சொன்னார். சொன்ன மாத்திரத்தில் அவள் குழந்தையின் தோளிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள்.

"போலாம்ப்பா" என்று ருக்மிணிதான் முதலில் எழுந்தாள்.

எழும்பூரில் ரயிலேறியதும் வேதாந்தம் கண்களை மூடிக்கொண்டார். தூக்கம் வரவில்லை. கண்ணைத் திறந்தால் குழந்தையோடு பேச வேண்டியிருக்கும், அதற்குத் தெம்பில்லை. வண்டி தாம்பரத்தைத் தாண்டும்போது அவள் ஜன்னல் பக்கம் முழுக்கத் திரும்பி உட்கார்ந்தது மட்டும் மூடிய கண்ணுக்கும் தெரிந்தது.

செங்கல்பட்டு கோர்ட்டில் குமாஸ்தா அவர். மனைவி கோமளத்துக்கு நெஞ்சில் காசம் என்று தெரிந்து சானடோரியத்தில் சேர்த்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. முதலில் குழந்தையைக் காஞ்சிபுரத்தில் தன் தமக்கை பெருந்தேவியின் வீட்டில் விட்டார். பெருந்தேவி நல்லவள்தான். ஆனால் ருக்மிணிக்கு மட்டும் தனித் தட்டு, தனி டம்ளர், படுக்க மாட்டுக்கொட்டில் பக்கத்து அறை. மூன்றாம் மாதம் போய்ப் பார்த்தவர், கையோடு அழைத்து வந்துவிட்டார். இங்கே மட்டும் என்ன வாழ்ந்தது? பக்கத்து வீட்டுக் குழந்தைகள் விளையாடக் கூப்பிடுவதில்லை. அவர் கோர்ட்டு முடிந்து வரும்போது, பதினொரு வயதுப் பெண் அடுப்பை ஊதிக்கொண்டு, முகமெல்லாம் கரியாக உட்கார்ந்திருப்பாள். "விடுதியோட இருக்கற பள்ளிக்கூடமாப் பாருங்கோ. நல்ல பள்ளிக்கூடமா" என்று கோமளம் சொன்னாள். அந்தக் கோடை முழுக்க அவர் அதற்காகத்தான் அலைந்தார்.

மதராஸுக்கு அடுத்து கருங்குழி. சாரதாம்பாள் என்ற கைம்பெண் தன் சொந்த வீட்டையே விடுதியாக்கிப் பெண்களுக்கு நடத்திவந்த பள்ளி அது. பரீட்சையே கிடையாது. கூடத்தில் பிள்ளைகள் ராட்டை சுற்றிக்கொண்டிருந்தார்கள். விஞ்ஞானம் கற்பிக்க ஆள் இல்லை, வந்த டீச்சர் கல்யாணமாகிப் போய்விட்டாளாம். வேதாந்தம் தாயாரைப் பற்றித் தயங்கித் தயங்கி ஆரம்பித்தார்.

"சானடோரியம்தானே? அதுக்கு ஏன் இவ்வளவு இழுக்கறேள்?" என்றாள் சாரதாம்பாள். "குழந்தைக்கு ஒரு எக்ஸ்ரே எடுத்துக் கொண்டுவாங்கோ. இங்க அந்த மாதிரிக் குழந்தைகள் இருக்கா. ஆனி பொறந்து எப்ப வேணா வரலாம்."

வெளியே வந்ததும் ருக்மிணி, "இங்க லைப்ரரி இல்லேப்பா" என்றாள். குறை சொல்வது போல இல்லை. பார்த்ததைச் சொன்னாள், அவ்வளவுதான்.

கோர்ட்டில் பக்கத்து நாற்காலி செங்கல்வராயனுக்கு. அவரிடம் எல்லாவற்றையும் சொன்னபோது அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

"இன்னா சாமி நீ, போற எடத்துலல்லாம் உள்ளதை உள்ளபடி ஒப்பிச்சுகினு நிக்கிற? அந்தப் பேரைக் கேட்டா எவன் சேத்துப்பான்? நெம்மேலியாண்ட கடலோரமா ஒரு இஸ்கூல் கீது. ஜமீந்தார் பங்களா. அங்க எடம் கெடைச்சா பொண்ணு எங்கியோ பூடும். அம்மா ஊருக்குப் போயிருக்குன்னு சொல்லிட்டு வா, போதும்."

இந்த மூன்றாவது பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது வேதாந்தம் செங்கல்வராயன் சொன்னபடியே செய்யத் தீர்மானித்துவிட்டார். மகாபலிபுரம் போகும் பஸ்ஸில், திருக்கழுக்குன்றம் தாண்டியதும், குரலைத் தாழ்த்திச் சொல்லிக்கொடுத்தார். "யாராவது கேட்டா, அம்மா காஞ்சிபுரத்துல அத்தையாத்துல இருக்கான்னு சொல்லு. தெரிஞ்சுதா?"

ருக்மிணி தலையாட்டினாள்.

மகாபலிபுரத்திலிருந்து கால்வாய் வழியே தோணியில் வடக்கே போக வேண்டும். முனிசாமி என்ற தோணிக்காரன் கழியை ஊன்றித் தள்ளிக்கொண்டே, "நேத்துலேந்து ஒரே பொம்பளப் புள்ளைங்களா ஏத்தி எறக்கிகினு கீறேன். அத்தினி பேருக்குமா எடம் குடுக்கப்போறாங்கோ?" என்றான். இறங்கினதும் சவுக்குத் தோப்பு, அதற்கு அப்பால் வெள்ளைப் பங்களா, அதற்கும் அப்பால் கடல். மகாபலிபுரம் வரை காரில் வந்த மதராஸ்காரர்கள் தோப்பு நிழலில் ஜமக்காளம் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். ஒரு தகப்பனார் தன் பெண்ணுக்குக் கடைசி நிமிஷம் வரை பின்னக் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். பரீட்சைக் கூடம் நிரம்பி வராந்தாவிலும் பெஞ்சு போட்டிருந்தார்கள். வேதாந்தம் ஒரு சவுக்கு மரத்தில் சாய்ந்தவர், மணி அடிக்கிற வரை அசந்து தூங்கிவிட்டார். எழுந்தபோது வாயில் மணல் கரகரத்தது.

பிற்பகல் தலைமையாசிரியை கூப்பிட்டனுப்பினாள். ஜெசிந்தா அம்மாள் என்று பெயர். நரைத்த தலை, உரத்துப் பேசாத குரல். ருக்மிணியை நாற்காலியில் உட்காரவைத்து, என்ன படிப்பாய், கடலைப் பார்த்தாயா, பயமாக இருந்ததா என்று விசாரித்தாள். ருக்மிணி பளிச்சென்று பதில் சொன்னாள்.

"அம்மா வரவில்லையா?"

"அம்மா இல்லை."

வேதாந்தம் தன் காதில் சரியாக விழவில்லையோ என்று நிமிர்ந்தார்.

"எப்போதிலிருந்து?" என்று ஜெசிந்தா அம்மாள் மெதுவாகக் கேட்டாள்.

"போன வருஷம்" என்றாள் ருக்மிணி. கண் கலங்கவில்லை, குரல் தடுமாறவில்லை.

ஜெசிந்தா அம்மாள் அவர் பக்கம் திரும்பினாள். அப்போது சொல்லியிருக்கலாம். இல்லை, குழந்தை ஏதோ உளறுகிறாள் என்று ஒரு வார்த்தை போதும்.  வேதாந்தம் குனிந்து தன் மேல்துண்டைச் சரிசெய்தார். அதை அந்த அம்மாள் துக்கம் என்று எடுத்துக்கொண்டாள்.

திரும்பும்போது, தோணி பாதி தூரம் வந்ததும் அவர் கேட்டார்.

"ஏம்மா அப்படிச் சொன்னே? காஞ்சிபுரம்னுதானே சொல்லச் சொன்னேன்?"

"காஞ்சிபுரம்னா ஏன் வரலேன்னு கேப்பா. அப்புறம் எப்ப வருவான்னு கேப்பா. லெட்டர் போட்டாளா, லீவுக்கு வருவாளான்னு கேட்டுண்டே இருப்பா." ருக்மிணி தண்ணீரைப் பார்த்தபடி சொன்னாள். "இல்லேன்னு சொன்னா யாரும் மேல கேக்க மாட்டா."

அவளைக் கோபிக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. கோபம் வரவில்லை. இந்தக் கேள்விகளையெல்லாம் எத்தனை பேர் வாயிலிருந்து, எவ்வளவு நாளாகக் கேட்டு அலுத்திருந்தால் இப்படி ஒரு பதிலுக்கு வந்து சேர்ந்திருப்பாள்!

வைகாசிக் கடைசியில் ஜெசிந்தா அம்மாளிடமிருந்து தகவல் வந்தது. பொதுப் பட்டியலில் ருக்மிணிக்கு ஒரு மார்க்கில் இடம் தவறிவிட்டது. ஆனால் பள்ளிக்குப் பங்களா கொடுத்த ஜமீந்தாரின் ஏற்பாட்டின்படி தாயில்லாப் பிள்ளைகளுக்கென்று தனியாகச் சில இடங்கள் உண்டு, அதில் அவளை எடுத்திருக்கிறோம் என்று எழுதியிருந்தாள். கருங்குழியிலிருந்து சாரதாம்பாளும், எக்ஸ்ரே ஆயிற்றா, குழந்தை எப்போது வருகிறாள் என்று கேட்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வேதாந்தம் சானடோரியத்துக்குப் போனார். கோமளத்தின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். அவள் கூரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டாள். பிறகு, நெம்மேலியில் டாக்டர் வந்து பார்ப்பாரா என்று கேட்டாள். லைப்ரரி பெரிசா, பால் கொடுப்பார்களா, ராத்திரி கூடப் படுத்துக்கொள்ள டீச்சர் உண்டா என்றெல்லாம் விசாரித்தாள். உண்டு, உண்டு என்றார் அவர்.

"அப்ப அங்கயே சேர்த்துடுங்கோ."

"கோமளம், நான் அந்த அம்மாகிட்ட போய்…"

"உயிரோட இருந்து நான் அவளுக்கு ஒண்ணும் பண்ண முடியலே. தலை பின்னி விட்டே ஒரு வருஷத்துக்கு மேலாச்சு. செத்துப்போய் ஒரு நல்ல எடம் வாங்கிக் குடுத்திருக்கேன். அதைப் போய்க் கெடுக்காதீங்கோ."

"நீ குணமாயி வந்துட்டா?"

"வந்தா அப்போ பாத்துக்கலாம்" என்று கண்ணை மூடிக்கொண்டாள். அவள் அதை நம்பவில்லை என்பது அவருக்குத் தெரிந்தது. அந்த நாளில் அவரும்தான் நம்பவில்லை.

ஆனால் புது மருந்தும் ஊசியும் கோமளத்துக்குப் பிடித்துக்கொண்டன. மெல்ல மெல்ல ஜுரம் விட்டது, இருமல் விட்டது. ருக்மிணி செகண்ட் பாரம் படித்துக்கொண்டிருந்த வருஷம், பொங்கல் விடுமுறை முடிந்து அவள் பள்ளிக்குத் திரும்பிய பிறகு, டாக்டர்கள் கோமளத்தை வீட்டுக்கு அனுப்பினார்கள். எலும்பும் தோலுமாக வந்தாள். வந்ததிலிருந்து குழந்தையைப் பார்க்க வேண்டும் என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. மாசியில் பள்ளி ஆண்டு விழா வந்தது.

"சித்தின்னு சொல்லிண்டு வரேன்" என்றாள்.

வேதாந்தம் வேண்டாமென்று சொல்லிப் பார்த்தார். கேட்கவில்லை. தோணியில் அவள் கடல் பக்கம் பார்க்கவேயில்லை. பங்களா எப்போது தெரியும் என்றே பார்த்துக்கொண்டு வந்தாள்.

ருக்மிணி வாசலில் ரிப்பன் கட்டிய பெண்களோடு நின்றிருந்தாள். அப்பாவுக்குப் பின்னால் வருவது யார் என்று தெரிந்ததும் அவள் முகத்தில் ஒரு கணம் எல்லாம் நின்றுபோயிற்று. அடுத்த கணம் சமாளித்துக்கொண்டு, பக்கத்திலிருந்த பெண்ணிடம், "எங்க சித்தி" என்றாள். கோமளம் சிரித்தாள். தொடவில்லை. நோயாளிகளுக்கு வரும் பழக்கம், கையைப் புடவைக்குள்ளேயே வைத்துக்கொண்டாள்.

விழாவில் ருக்மிணிக்கு இரண்டு பரிசு. முடிந்ததும் ஜெசிந்தா அம்மாள் தேடிக்கொண்டு வந்தாள்.

"உங்கள் அக்கா பெண் இந்த வகுப்பிலேயே கெட்டிக்காரி. அவள் அம்மா இருந்து பார்த்திருக்க வேண்டும்."

"ஆமாம்" என்றாள் கோமளம். "பார்த்திருக்கணும்."

வேதாந்தத்தால் அதற்கு மேல் நிற்க முடியவில்லை. நேர்மை திடீரென்று பொங்கிவிட்டது என்று அவர் பின்னால் ஒருநாளும் சொல்லிக்கொண்டதில்லை. மூட்டை சுமந்தவன் எங்கே என்று பார்க்காமல் இறக்கிவைக்கிற மாதிரி இறக்கிவைத்தார்.

"இவள்தான் அவளோட அம்மா" என்றார்.

அறைக்குள் மூவரையும் அழைத்துப்போய்க் கதவைச் சாத்திவிட்டு ஜெசிந்தா அம்மாள் எல்லாவற்றையும் கேட்டாள். சானடோரியம் என்றபோது அவள் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொள்ளவில்லை. அதைக் கண்டு வேதாந்தத்துக்கு இன்னும் கூச்சமாயிற்று.

"என்னிடம் நிஜத்தைச் சொல்லியிருக்கலாம்" என்றாள். "பொதுப் பட்டியலில் அடுத்த வருஷம் முயற்சி செய்யச் சொல்லியிருப்பேன். அந்த இடத்துக்கு வரிசையில் அடுத்து நின்றது முட்டுக்காட்டுப் பெண். வேண்டா என்று பெயர். அப்பன் வலை போடுகிறவன். அவளுக்கு நிஜமாகவே தாய் இல்லை. இடமில்லை என்று நான்தான் சொல்லி அனுப்பினேன்."

 வெளியே பெண்கள் பெஞ்சுகளை இழுத்துப்போடும் சத்தம் கேட்டது.

"ருக்மிணியை அனுப்பவும் எனக்கு மனசில்லை. ஆனால் அந்த இடத்தில் இனி வைத்துக்கொள்ளவும் முடியாது. என்ன செய்வதென்று தெரியவில்லை" என்றாள் ஜெசிந்தா அம்மாள். அவளும் களைத்துப்போயிருந்தாள்.

கோமளம்தான் முடிவு செய்தாள். "வருஷப் பரீட்சை எழுதட்டும். நாங்க அழைச்சுண்டு போயிடறோம். அந்தப் பொண்ணைக் கூப்பிட்டுப் பாருங்கோ."

சித்திரையில் அழைத்துவரப் போனபோது தோணியில் பெட்டியைத் தூக்கிவைத்த முனிசாமி, "இன்னா பாப்பா, லீவா?" என்றான். ருக்மிணி திரும்பி உட்கார்ந்து பங்களாவையே பார்த்துக்கொண்டு வந்தாள்.  வீட்டுக்கு வந்து பெட்டியை இறக்கிய பிறகு அப்பாவிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"நான் பொய் சொன்னப்போ நீ சும்மாதானே இருந்தே? அப்பவே சொல்லியிருந்தா அந்த எடம் எப்படியிருக்கும்னே எனக்குத் தெரிஞ்சிருக்காது. அந்த எடத்தையெல்லாம் பாத்தப்புறம் சொல்றே."

 அவள் அம்மாவோடும் பேசவில்லை. 'அம்மா' என்றும் சொல்லவில்லை, வேறு எதுவும் சொல்லியும் கூப்பிடவில்லை. வேண்டியதைத் தானே எடுத்துக்கொண்டாள். கோமளமும் வற்புறுத்தவில்லை. தன் தட்டைத் தானே தனியாகக் கழுவி வைத்துக்கொண்டு, வீட்டில் விருந்தாளி போல ஓரமாக நடமாடினாள்.

கருங்குழிக்கு அனுப்பலாமா என்று வேதாந்தம் ஒருநாள் ஆரம்பித்தார். "இனிமே எங்கயும் வேண்டாம்" என்றாள் ருக்மிணி. ஊரிலேயே பெண்கள் பள்ளியில் தேர்டு பாரம் சேர்த்தார். போட்டியில்லை, பரீட்சையில்லை. பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார்கள்.

பள்ளி திறந்த அன்று காலை அவள் வாசல் படியில் உட்கார்ந்து தானே தலை வாரிக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பொண்ணு வந்துட்டாளாமா?" என்று தலையைத் திருப்பாமல் கேட்டாள்.

யாரைக் கேட்கிறாள் என்று வேதாந்தத்துக்கு உடனே புரிந்தது. முந்தின வாரம்தான் ஜெசிந்தா அம்மாள் தகவல் அனுப்பியிருந்தாள். "வரலேம்மா. தம்பி தங்கைகளைப் பாத்துக்க ஆளில்லேன்னு அவ அப்பன் அனுப்பலையாம். வேற ஒரு குழந்தைக்குக் குடுத்துட்டாளாம்."

ருக்மிணியின் கையில் சீப்பு நின்றது. "தம்பி தங்கைகளுக்கெல்லாம் அவதான் தலை பின்னணுமா?" என்றாள். பிறகு கையைப் பின்னால் நீட்டி, உள்ளே வாசற்காலைப் பிடித்துக்கொண்டு நின்ற கோமளத்திடம் சீப்பைக் கொடுத்தாள்.

கோமளம் அதை வாங்கினாள். உட்காராமல் நின்றாள். டாக்டர் எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் சொல்லியிருந்தார், இருந்தாலும் அவள் வேதாந்தத்தைப் பார்த்தாள். அவர் தலையசைத்தார். அவள் குழந்தைக்குப் பின்னால் மெதுவாக உட்கார்ந்து, முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டு, கூந்தலை மூன்றாகப் பிரித்தாள்.

"இழுத்துப் பின்னும்மா" என்றாள் ருக்மிணி. "தளர்த்தியாப் பின்னினா மத்தியானத்துக்குள்ள அவுந்துடறது."