வெண்கலப் பச்சைக்கு அடியில்

அன்று காலை கொட்டகையில் இருந்தவர்கள் நான்கு பேர். லாரிக்கு உரிமையாளரான ஹெட்லி ட்ரெகென்சா, வயது எழுபத்தாறு. அவருடைய தங்கை உனா, அறுபத்தெட்டு. பழைய ராணுவ வண்டிச் சங்கத்தின் பரிசோதகர் நோரீன் குவில்டி. அதே சங்கத்தின் தலைவர் ஆத்தல் பிரேஸ்கர்டில். ஆத்தலின் நாய் டச்சஸையும் சேர்த்தால் ஐந்து. தானும் அங்கே இருந்ததாக மில்பரா ஊர்ப் பேக்கரிக்காரர் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார். அவர் இல்லை.

ஹெட்லி அன்று டை கட்டியிருந்தார். கொட்டகையில் கிரீஸ் வாடையும் வைக்கோல் தூசியுமாக இருந்தது. ஆனால் ட்ரெகென்சா குடும்பத்தின் பேச்சு உண்மையா பொய்யா என்று பார்க்க ஆள் வரும்போது டை இல்லாமல் நிற்பது அவருக்குச் சரியாகப் படவில்லை.

விஷயம் இதுதான். போரில் மாண்டவர்களை நினைக்கும் ஆன்சாக் நாளுக்குப் பதினேழு நாட்கள் இருந்தன. அன்று ஊர்வலத்தில் முதலில் போகும் லாரியில்தான் நடக்க முடியாத பழைய சிப்பாய்கள் உட்காருவார்கள். அந்த லாரி, இந்த ஊர்க்காரர் ஒருவர் ராணுவத்தில் ஓட்டிய அதே வண்டியாக இருக்க வேண்டும் என்பது சங்கத்தின் விதி. பதினோரு வருடமாக ஆத்தலின் லாரிதான் முன்னால் போகிறது. அவருடைய மாமா அதை ஓட்டியதற்குக் காகிதம் இருக்கிறது. ஹெட்லியின் தம்பி ராய்ஸ் போன வருடம் இறந்துபோனார். "இது நான் ஓட்டுன வண்டி" என்று ராய்ஸ் முப்பது வருடம் சொன்னார். காகிதம்தான் இல்லை. இந்த ஒரு வருடமாவது ராய்ஸின் லாரி முன்னால் போக வேண்டும் என்று ஹெட்லி எழுத்தில் கேட்டார். நிரூபித்தால் இடம் உங்களுக்கு என்று சங்கம் எழுத்தில் பதில் சொன்னது.

ராய்ஸ் இந்த லாரியை வாங்கியது எழுபத்தொன்பதில், ராணுவம் பழைய வண்டிகளை ஏலம் விட்டபோது. ஏலத்தில் ராணுவ லாரி எடுத்த எல்லோருமே அது தாங்கள் ஓட்டிய அதே வண்டிதான் என்று கண்டுபிடித்துவிடுகிறார்கள் என்பது ஆத்தலின் பழைய கிண்டல். அந்த ஏலத்தில் விற்ற லாரிகளை விட அவற்றை ஓட்டியவர்கள் கொஞ்சம் அதிகம் என்பார். ராய்ஸ் உயிரோடு இருந்தவரை அதற்குச் சிரிப்பார். ஹெட்லி ஒருமுறைகூடச் சிரித்ததில்லை.

நோரீன் தன் நீல மேலங்கியை மாட்டிக்கொண்டார். நாற்பது வருடப் பழக்கத்தில் ஹெட்லியைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார். அந்த மேலங்கி உடம்பில் ஏறிவிட்டால் மட்டும் ஹெட்லி மிஸ்டர் ட்ரெகென்சா ஆகிவிடுவார். ஹெட்லிக்கு அது பிடித்திருந்தது. உலகத்தில் முறை தெரிந்த ஒருவராவது மிச்சம் இருக்கிறாரே என்று நினைத்துக்கொண்டார்.

நோரீன் முதலில் டேஷ்போர்டில் அறைந்திருந்த சிறிய தகட்டைப் படித்தார். ராணுவம் ஒரு வண்டியில் எதை மாற்றினாலும் அந்த மாற்றத்துக்கு ஓர் எண் உண்டு. வேலை முடிந்ததும் பட்டறைக்காரன் தகட்டில் அந்த எண்ணின் மேல் ஒரு வெட்டு போடுவான். பின்விளக்கு மாற்றியது, படிக்கட்டு ஒட்டியது, ஓட்டுநர் கூண்டின் கூரையில் மூடி வைத்தது, எல்லாம் அதில் இருந்தன. டேஷ்போர்டுக்குக் கீழே, ஓட்டுநரின் இடது முழங்காலுக்கு நேராக, கைமுழ நீளத்தில் ஓர் இரும்புத் தாங்கி திருகியிருந்தது. அதற்கு மட்டும் எண் இல்லை.

"இது என்ன, மிஸ்டர் ட்ரெகென்சா?"

ஹெட்லி இதற்காகவே காத்திருந்தார். அது ரேடியோ வைக்கும் தாங்கி என்றும், போருக்குப் போகும் அவசரத்தில் எண் போட விட்டுவிட்டார்கள் என்றும், சந்தேகம் இருந்தால் அதன் முனையில் புடைத்துக்கொண்டிருக்கும் அம்பு முத்திரையைத் தடவிப் பார்க்கலாம் என்றும் சொன்னார். அரசாங்கச் சொத்து எதுவானாலும் அதில் அந்த அம்பு இருக்கும். பெயின்ட் தடித்துப் போயிருந்தாலும் மூன்று கோடுகள் ஒரு புள்ளியில் சேர்வது விரலுக்குத் தெரிந்தது. முப்பது வருடமாக வீட்டுக்கு வந்த எல்லோருடைய விரலையும் பிடித்து அதன் மேல் வைத்திருக்கிறார் ஹெட்லி. பாதிரியாரின் விரல்கூடத் தப்பவில்லை.

"ரேடியோவா? நான் பார்த்தப்போ அதுல ராய்ஸோட டீ மக்தான் உட்கார்ந்திருந்துச்சு" என்றார் ஆத்தல்.

"அது பின்னால வந்த பழக்கம்."

"நல்ல ரேடியோப்பா. பால், ரெண்டு சர்க்கரை."

உனா வாயைப் பொத்திக்கொண்டார். ஹெட்லி தங்கையை ஒரு பார்வை பார்த்தார். உனா கையை எடுத்துவிட்டு, பேரீச்சம்பழக் கேக் இருந்த டப்பாவைத் திறந்து ஆத்தலின் பக்கம் நகர்த்தினார். ஆத்தலின் வாயை அடைக்க அந்தக் குடும்பத்துக்குத் தெரிந்த ஒரே வழி அது.

நோரீன் தண்ணீரில் நனைத்த உப்புத்தாளை எடுத்தார். அவருடைய முறை எளிது. ஒரு நாணயம் அளவுக்கு இடம் எடுத்து, சிறு வட்டமாக, மெல்லத் தேய்த்துக்கொண்டே போவார். மேல் பூச்சு தேய்ந்து அடுத்தது தெரியும், அதுவும் தேய்ந்து அதற்கு அடுத்தது. கடைசியில் வெட்டிய மரத்தின் வளையம் போல ஒவ்வொரு நிறமும் ஒரு வளையமாக நிற்கும். வெளியிலிருந்து உள்ளே படித்தால் வண்டியின் வயது.

முதலில் டேஷ்போர்டில் தேய்த்தார். வெளியே பளபளப்பில்லாத ஆலிவ் பச்சை. அது எழுபதுகளின் பூச்சு. அதற்குள் பளபளக்கும் வெண்கலப் பச்சை, அறுபதுகளில் ராணுவ லாரிகள் போட்டிருந்த நிறம். அதற்குள் செங்காவி பிரைமர். பிறகு வெறும் தகடு. நோரீன் தலையாட்டினார். எல்லாம் முறைப்படி.

பிறகு தாங்கியின் முனையில், அம்பு முத்திரையின் மேலேயே தாளை வைத்தார். ஹெட்லி டையைச் சரிசெய்துகொண்டார்.

ஆலிவ் வந்தது. வெண்கலப் பச்சை வந்தது. ஆத்தல் கேக்கை மெல்வதை நிறுத்திவிட்டுக் குனிந்தார். அதற்குள் செங்காவி வர வேண்டும். வரவில்லை. ஒரு பாலேட்டு நிறம் வந்தது. கொஞ்சம் மஞ்சள், கொஞ்சம் வெள்ளை. எந்த நாட்டு ராணுவமும் எந்தப் போரிலும் பூசாத நிறம். தடித்த பெயின்ட் விலக விலக அம்பும் மாறிக்கொண்டே வந்தது. மூன்று கோடுகளின் முனைகளும் உருண்டன. அம்பு, காம்போடு கூடிய மூன்று இலையாகிவிட்டது.

 உனாதான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டே வந்தார்.

"ஹெட், இது நம்ம வீட்டுத் துவைக்கிற அறை."

"உளறாதே."

"சோப்புப் பலகைக்குக் கீழ ரெண்டு இருந்துச்சே. இலை போட்டது. ஒண்ணு காணாமப் போச்சுன்னு அம்மா உன்னைப் போட்டு அந்தப் பாடு படுத்துனாங்களே."

ஹெட்லியின் முகத்தில் ஈயாடவில்லை. அவருக்கு மறக்குமா? ஒருநாள் பலகை சரிந்து, ஊறப்போட்ட துணியெல்லாம் தரையில் கிடந்தது. அதற்கு முதல் வாரம்தான் பழைய இரும்புக்காரன் வந்து போயிருந்தான். ஹெட்லி தாங்கியைக் கழற்றி விற்றுவிட்டான் என்று அம்மா முடிவு கட்டினார். அப்போது ஹெட்லிக்கு முப்பது வயது. மாதா கோவிலில் காணிக்கைத் தட்டு ஏந்துகிறவர். முப்பது வயது ஆண்பிள்ளை துவைக்கிற அறையில் திருடினான் என்ற பேச்சைச் சுமந்துகொண்டு நின்றார். இல்லை என்று ஒரே ஒரு முறை சொன்னார். ட்ரெகென்சாக்கள் ஒன்றை இரண்டு முறை சொல்வதில்லை. அம்மா நம்பவில்லை. சாகும்வரை நம்பவில்லை.

ஆத்தல் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு, மனிதர் மோசமானவர் இல்லை, ஹெட்லியின் முகத்தைப் பார்த்துத் தணிந்தார். ஒரு வழி சொன்னார். வண்டி வாங்கின பிறகு ராய்ஸ் மாட்டியது என்று ஒரு வரி எழுதிக்கொள்வோம், லாரி மூன்றாவதாகப் போகட்டும், துவைக்கிற அறை பற்றி இந்தக் கொட்டகைக்கு வெளியே ஒரு வார்த்தை போகாது என்றார்.

மரியாதையான வழிதான். ஹெட்லி அதை யோசித்தார். அப்போது நோரீன், தாளை நீரில் அலசிக்கொண்டே, யாரையும் பார்க்காமல் சொன்னார்.

"பாலேட்டு நிறம் பச்சைக்கு அடியில இருக்கு, மிஸ்டர் ட்ரெகென்சா. மேல இல்ல."

ஹெட்லிக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. ராணுவம் இந்த லாரிக்கு வெண்கலப் பச்சை பூசியபோதே தாங்கி இங்கே இருந்திருக்கிறது. அம்மாவின் துவைக்கிற அறையிலிருந்து அதைக் கழற்றி, ராணுவத்தில் இருந்த ஒரு லாரியில் மாட்டக்கூடியவன் உலகத்தில் ஒரே ஒருவன்தான். காகிதம் இல்லாத ராய்ஸுக்கு இதை விடப் பெரிய காகிதம் கிடையாது. ஆனால் அதைக் காட்ட வேண்டுமானால், ட்ரெகென்சா வீட்டுப் பையன் பெற்ற தாயின் சோப்புப் பலகைத் தாங்கியைத் திருடினான் என்று ஊரறியச் சொல்ல வேண்டும். அம்பு முத்திரை என்று பாதிரியாரின் விரலைப் பிடித்து வைத்தது இலை என்றும் சொல்ல வேண்டும்.

அவர் டையைத் தளர்த்தினார். அதை உனா அதற்கு முன் பார்த்ததில்லை.

"உனா, போய் இன்னொண்ணைக் கழட்டிக்கிட்டு வா."

"அதுலதான் பலகை நிக்குது ஹெட்."

"விழட்டும். ஏற்கெனவே ஒரு தரம் விழுந்ததுதானே."

உனா காரில் போய் முக்கால் மணி நேரத்தில் வந்தார். கையில் தாங்கி, பாவாடையில் சோப்புத்தூள். நோரீன் அதையும் தேய்த்தார். வெளியே வெள்ளை, அதற்குள் நீலம், அதற்குள் அதே பாலேட்டு நிறம், அதே மூன்று இலை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒரே அச்சில் வார்த்தவை.

"நீலம் எப்ப அடிச்சீங்க?" என்று கேட்டார்.

உனாவுக்கு அது நேற்று நடந்தது போல. அறுபத்தாறு பிப்ரவரியில் அவருக்குக் கல்யாணம். விருந்தாளிகள் வருகிறார்கள் என்று அம்மா வீடு முழுக்கப் பெயின்ட் அடிக்க வைத்தார். துவைக்கிற அறைக்கு நீலம். லாரியில் இருந்த தாங்கியில் நீலம் இல்லை. ஆகவே அது அதற்கு முன்பே வீட்டை விட்டுப் போயிருக்கிறது. ராய்ஸ் ராணுவத்திலிருந்து கடைசியாக விடுமுறையில் வந்தது அறுபத்தைந்து கிறிஸ்துமஸுக்கு. போகும்போது பை கனக்கிறது என்றாராம். அம்மா பழக் கேக் என்று நினைத்தாராம்.

ஆத்தல் சும்மா விடவில்லை. தலைவர் என்ற முறையில் கேட்கிறேன் என்றார். ராய்ஸ் வண்டியை வாங்கின பிறகு தாங்கியை மாட்டி, தானே பச்சையும் ஆலிவும் பூசியிருக்கலாமே? ராய்ஸுக்குப் பிரஷ் பிடிக்கத் தெரியாதா?

நோரீன் விளக்கை இறக்கிக் காட்டினார். வெண்கலப் பச்சை டேஷ்போர்டிலிருந்து திருகின் தலை மேல் ஏறி, தாங்கிக்கு எங்கும் அறுபடாமல் போயிருந்தது. ஆலிவும் அப்படியே. மாட்டி வைத்து ஒன்றாகப் பூசியது. "ஏலத்துல எடுத்தன்னிக்கு இது என்ன நிறம், ஆத்தல்? நீதானே உன் டிராக்டரைப் போட்டு இழுத்துட்டு வந்தே?"

ஆத்தல் நாயைத் தடவினார். கொஞ்ச நேரம் நன்றாகவே தடவினார்.

"ஆலிவ்" என்றார்.

"அப்புறம் ராய்ஸ் பெயின்ட் அடிச்சதைப் பார்த்தியா?"

"அவன் வண்டியைக் கழுவிக்கூட நான் பார்த்ததில்ல."

நோரீன் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஆத்தலும் போட்டார். போட்டுவிட்டு ஹெட்லியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "என் மாமா ஓட்டுனதுக்கு ராணுவம் காகிதம் குடுத்துச்சு. உன் தம்பி திருடியே நிரூபிச்சிருக்கான். யோசிச்சுப் பார்த்தா உன்னுதுதான்ப்பா உசத்தி."

 ஹெட்லி அந்தப் பாலேட்டு வளையத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் விக்கல" என்றார் மெதுவாக. யாரிடம் என்று தெரியவில்லை. நாற்பத்தைந்து வருடத்துக்குப் பிறகு, இரண்டாவது முறையாக.

"தெரியுது ஹெட்" என்றார் உனா.

நோரீன் ஒரு நிபந்தனை போட்டார். அறுபத்தாறின் லாரி என்று முன்னால் போகிற வண்டி எழுபதுகளின் சட்டையோடு போக முடியாது. வெண்கலப் பச்சைக்குத் திரும்ப வேண்டும், பளபளப்போடு. பதினேழு நாட்களில் நான்கு பேரும் சேர்ந்து ஆலிவைத் தேய்த்து எடுத்துப் பச்சை பூசினார்கள். ஆத்தலின் பக்கத்தில் இரண்டு இடத்தில் பெயின்ட் வடிந்திருக்கிறது. ஹெட்லி அதை வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறார்.

தாங்கியின் முனைக்கு வந்தபோது ஹெட்லி பிரஷை நிறுத்தச் சொன்னார். தேய்த்த வட்டம் அப்படியே இருக்கட்டும் என்றார். மேலங்கி போட்டிருந்த நோரீன், அதற்குச் சங்கத்தின் மதிப்பீட்டில் ஒரு மதிப்பெண் குறையும் என்றார். குறையட்டும் என்றார் ஹெட்லி. ஆன்சாக் நாளன்று லாரி முன்னால் போனது. உள்ளே ஏறிய பழைய சிப்பாய்கள் ஒவ்வொருவருடைய விரலையும் அவர் பிடித்து அந்த இலையின் மேல் வைத்தார். தாங்கியில் ராய்ஸின் டீ மக் இருந்தது.

ட்ரெகென்சா குடும்பத்தார் ராணுவ லாரியில் சமையலறைப் பெயின்டைப் பூசி வைத்திருக்கிறார்கள் என்று பேக்கரிக்காரர் ஊர் முழுக்கச் சொல்லிவருகிறார். அது தவறு. அது துவைக்கிற அறையின் பெயின்ட்.