சன்னாசிக்கு ஒரு பறை

சன்னாசியின் உடலை இன்னும் குளிப்பாட்டக்கூட இல்லை. அதற்குள் தோட்டத்துப் பெரிய கங்காணியின் ஆள் ஐயாவு வந்துவிட்டான். தீட்டு ஒட்டிவிடுமே, வடிகாலுக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டான்.

கங்காணியின் தாயாரும் விடியற்காலையில் போய்ச் சேர்ந்துவிட்டாளாம். மேல் லயத்து வீடுகளில் யார் செத்தாலும் பறையடிப்பது கீழ் லயத்துச் சன்னாசிதான். அவன் இல்லையென்றால் மகன். அந்த அம்மாளை அடக்கம் செய்த பிறகுதான் இந்த வீட்டுப் பிணம் நகரலாம். ஆயர் தாவார் பக்கத்து அந்த ரப்பர் தோட்டத்தில் செத்தவர்களும் வரிசையில்தான் நிற்க வேண்டும்.

"போயிட்டு வந்துருய்யா," என்றாள் ராக்காயி மகனிடம். "நாளைக்கி நான் இந்த லயத்துலதான கெடக்கணும்."

மகன் பத்துமலை, புருஷனை இழந்த தாயையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு ஈப்போ பட்டணத்தில் அச்சுக்கூட வேலை. போன புதிதில், சீனர் கோப்பிக்கடைக்கு வெளியே குந்தி, சிரட்டையில் ஊற்றுவார்கள் என்று காத்திருந்தவன் அவன். கடைக்காரர் உள்ளே கூப்பிட்டு, எல்லோருக்கும் தரும் கோப்பையிலேயே தந்தார். குடிக்க முடியாமல் அழுதான். பிறகொரு நாள் தெருவில் ஒரு சீனச் சாவு. மேளம் அடித்தவர்கள் செத்தவரின் பிள்ளைகளோடு ஒரே மேசையில் சாப்பிட்டார்கள். பறையில் இழிவில்லை, அடியென்று ஏவுவதில்தான் இழிவு என்று அன்றுதான் அவனுக்கு விளங்கியது. அதையே எழுதினான், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டங்களில் பேசினான். அப்பாவிடம் மட்டும் சொல்ல வாய்க்கவில்லை. சொல்லியிருந்தால் பயந்துதான் போயிருப்பார், பாவம்.

"ஊரு சாவுக்கெல்லாம் அடிச்சவரு எங்கப்பா. இன்னிக்கி அவருக்குத்தான் அடிப்பேன்," என்றான்.

வீட்டைக் காலி செய்ய வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டு ஐயாவு போனான்.

பத்துமலை காய்ந்த ரப்பர் இலைகளைக் கொளுத்திப் பறையைக் காய்ச்சினான். பிழைக்கப் போன நாளிலிருந்து அதைத் தொட்டதில்லை. கை முதலில் தடுமாறியது, பிறகு பழகிய அடி தானாக வந்தது. அழுதுகொண்டே அடித்தான்.

சத்தம் கேட்டதும் மேல் லயத்திலும் பாடையைத் தூக்கிவிட்டார்கள். தங்களுக்குத்தான் அடிக்கிறான் என்று நிஜமாகவே நினைத்தார்களோ, அப்படி நினைப்பதுதான் கௌரவம் என்று பட்டதோ தெரியாது. பெரிய வீட்டுப் பிணம் சன்னாசியின் பறைக்கே காடு போய்ச் சேர்ந்தது.

சாயங்காலம் ஐயாவு மறுபடியும் வந்தான். வழக்கப்படி பறையடித்தவனுக்கு உரிய வேட்டியையும் ஒரு புட்டிச் சாராயத்தையும் வடிகாலுக்கு அப்பால் வைத்தான். கங்காணிக்குக் கோபமில்லையாம். இதை வாங்கிக்கொண்டால் வீட்டிலேயே இருக்கலாமாம்.

காலையில் மகனைப் போகச் சொன்ன ராக்காயி எழுந்து வடிகாலைத் தாண்டினாள். இரண்டையும் எடுத்து அவன் கையிலேயே திருப்பி வைத்தாள். அவள் விரல் பட்டதில் அவன்தான் பின்வாங்கினான்.

"அவுங்க வீட்டுச் சாவுக்கு யாரும் அடிக்கலன்னு சொல்லுங்க. எம் மவன் அவங்கப்பனுக்கு அடிச்சான்."

பிறகு உள்ளே போய், சட்டி பானைகளை மூட்டை கட்டத் தொடங்கினாள்.