கோட்டுக்குள் பெரிய ரபியின் புத்தகம்

என் மாப்பிள்ளை கெட்ஸலுக்குத் திருடக்கூடத் தெரியாது. பெரிய ரபியின் ஜெபப் புத்தகத்தைக் கோட்டுக்குள் சொருகிக்கொண்டு, பல்வலிக்காரன் கன்னத்தைப் பிடிப்பதுபோல நெஞ்சைப் பிடித்தபடி ஜெப ஆலயத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். பார்த்ததுமே என்னவென்று எனக்குப் புரிந்துவிட்டது.

எங்கள் யூத குருவான பெரிய ரபி போய்ச் சேர்ந்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அவர் அழுது அழுது கறை படிந்த பக்கங்கள் அதில் உண்டு. தலையணைக்கடியில் அதை வைத்துப் பெற்றால் தாயும் பிள்ளையும் பிழைப்பார்கள் என்று எருசலேமில் எங்கள் தெருவே நம்பியது. என் மகள் ஹிண்டல் ஏற்கெனவே இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தவள். இப்போது நிறைமாதம். "அந்தப் புத்தகம் இல்லாம நான் பிழைக்க மாட்டேம்பா" என்று ஒரே அழுகை. நானே போய் ஆலயக் காரியஸ்தர் ஃபைவிஷிடம் கெஞ்சினேன். "அது அலமாரியை விட்டு வெளிய போகாது" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார். கல்நெஞ்சக்காரர்!

அதனால்தான் இந்தத் திருட்டு. அதுவும் ஓய்வுநாளில். அன்றைக்குத் தெருவில் ஒரு கைக்குட்டையைக்கூடத் தூக்கிப் போகக்கூடாது. ஆனால் ஊரைச் சுற்றிக் கம்பி கட்டியிருந்தால் ஊரே ஒரு வீடு என்று கணக்கு, தூக்கிப் போகலாம். அந்தத் தைரியத்தில் எடுத்துவிட்டான். ஜெபம் முடிகிற நேரம் பார்த்து ஒருவன் மழையில் நனைந்து ஓடிவந்தான்.

"காத்துல கம்பி அறுந்துபோச்சு! யாரும் எதையும் வெளிய கொண்டுபோயிடாதீங்க!"

அவ்வளவுதான். எல்லோரும் பையைத் துழாவிக் கைக்குட்டை, கண்ணாடிக்கூடு, மிட்டாய் எல்லாவற்றையும் மேஜைமேல் கொட்டிவிட்டுக் கிளம்பினார்கள். கெட்ஸல் மட்டும் அசையவில்லை.

"மாப்பிள்ளை, சத்தமில்லாம பெஞ்சு மேல வச்சுட்டு வாங்க" என்றேன் காதோடு.

"வெறுங்கையோட போய் அவ மூஞ்சில எப்படி மாமா முழிக்கிறது?"

"அப்ப கொண்டு வாங்க."

"ஓய்வுநாளை மீறியா? அந்தப் பாவம் பிள்ளை தலையில விடிஞ்சா?"

போகவும் முடியவில்லை, வைக்கவும் முடியவில்லை. பொறியில் மாட்டிய எலிபோல முழித்தான். அவனை விட்டுப் போக எனக்கும் கால் வரவில்லை. கூட்டம் கலைந்துவிட்டது. ஃபைவிஷ் கதவைச் சாத்த வந்தார்.

"என்ன, மாமனும் மருமகனும் இங்கயே நிக்கிறீங்க? வீட்ல சோறு போட மாட்டேன்னுட்டாங்களா?"

பதில் சொல்வதற்குள் பக்கத்து வீட்டு ட்ஸீப்பா மூச்சிரைக்க வந்து நின்றாள்.

"கெட்ஸல்! வலி வந்துருச்சுடா! புத்தகம் எங்க, புத்தகம் எங்கன்னு அவ உயிரை விடுறா. நீ இங்க கல்லு மாதிரி நிக்கிற!"

ஃபைவிஷின் பார்வை அலமாரிக்குப் போனது. அங்கிருந்து கோட்டுக்கு வந்தது. கெட்ஸல் புத்தகத்தை எடுத்து நீட்டிவிட்டு விசும்பினான். அறைதான் விழப்போகிறது என்று நினைத்தேன். அவரோ அதை வாங்கித் திரும்பவும் அவன் கோட்டுக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டுவிட்டார்.

"ஓடு."

"கம்பி அறுந்துருக்கே..."

"கண்ணு தெரியாத பிள்ளைத்தாச்சிக்கே, அவ மனசு ஆறணும்னா ஓய்வுநாள்ல விளக்கேத்தலாம்னு சட்டம் இருக்கு. இவளுக்குப் புத்தகம் கூடாதா? ஓடுடா மடையா!"

அவன் ஓடினான். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "இதை நான் கேட்டப்பவே குடுத்திருந்தா என்னய்யா? நீயெல்லாம் மனுஷனா?"

"என் பொண்டாட்டி ப்ளூமா எப்படிச் செத்தான்னு தெரியுமில்ல?"

"பிரசவத்துல."

"அவ தலையணைக்கடியிலயும் அதுதான் இருந்துச்சு. நான்தான் கொண்டுபோய் வச்சேன். இன்னொருத்திக்கு எடுத்துக் குடுக்கக் கை வரலை."

கோபம் போன இடம் தெரியவில்லை. மழையில் எப்படி வீடு வந்து சேர்ந்தேன் என்றும் தெரியவில்லை. உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது. என் காலடிச் சத்தம் கேட்டு வலியோடு வலியாக ஹிண்டல் கூப்பிட்டாள்.

"அப்பா! புத்தகம் வந்துருச்சுப்பா! இனி எனக்கு ஒண்ணும் ஆகாதில்ல?"

கதவில் நெற்றியை முட்டிக்கொண்டேன்.

"ஒண்ணும் ஆகாதும்மா" என்றேன், தெருவுக்கே கேட்கிற மாதிரி.